பார்த்து நிறுத்தவும்

எங்கள் ஆய்வகக் கட்டடத்தில் பெண்கள் நாற்பது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆனால் யாராவது வெறுமனே 'அக்கா' என்று சொன்னால், இரண்டாம் மாடியில் கண்ணாடித் துண்டுகளோடு குடித்தனம் நடத்தியவரைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். முழுப் பட்டம் ஸ்லைடு அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்த பேராசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். பதினேழு வருடம் அவர் வெட்டிக் கொடுத்ததையெல்லாம் நான் படம் எடுத்தேன். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. யோக்கியன் மாதிரி ஓரமாக நின்று சொல்லப்போவதில்லை.

அவர் வேலை எலி மூளையை வெட்டுவது. எலியின் மூளை ஒரு நிலக்கடலை அளவு இருக்கும். அதை உறைய வைத்து, தலைமுடியின் பாதிக் கனத்துக்கு இயந்திரத்தில் சீவி, சீவியதை மெல்லிய தூரிகையால் எடுத்து உப்புநீரில் மிதக்கவிட்டு, பிறகு ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் படுக்க வைக்க வேண்டும். மற்றவர்கள் செய்தால் கிழியும், மடியும், சுருண்டுகொள்ளும். அக்கா வைத்தால் இஸ்திரி போட்டது போல் படுத்திருக்கும். இங்கே வருவதற்கு முன் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடம் நோயாளிகளின் கட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தவர். "அங்க வெட்டினா ஜனங்க அழுவாங்க. இங்க வெட்டினா ஆராய்ச்சிப் பேப்பர் வருது," என்பார்.

கல்யாணம்கூட இந்தக் கண்ணாடிகளால்தான் நடந்தது. நான் இங்கே சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அக்கா, கையில் ஈரம் காயாத ஸ்லைடு தட்டு. மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்து, "கையக் கொடுங்க, தூக்கிவிடறேன்," என்றிருக்கிறார். இவர், "கை காலியா இல்ல. மொதல்ல தட்டை வாங்குங்க. ஆட்டக் கூடாது," என்றாராம். அவர் தட்டை ஆட்டாமல் வாங்கினார். எட்டு மாதத்தில் கல்யாணம். அந்த லிஃப்ட் அதற்குப் பிறகும் அடிக்கடி நின்றதற்கு யார் காரணம் என்று நாங்கள் கேலி செய்வோம். இப்போது அவர்களுக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். அப்பாவின் சிரிப்பும் அம்மாவின் வாயும் அவளுக்கு.

இனி கொஞ்சம் வேலை விவரம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்ல டோபமின் என்ற ரசாயனத்தை அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ள எதிர்ப் பக்கத்தில் ஓர் ஏற்பி இருக்கும், வாசலில் நின்று தபால் வாங்குகிற ஆள் மாதிரி. வயதானால் இந்த ஏற்பிகள் குறைகின்றனவா என்பதுதான் எங்கள் பேராசிரியருக்கு ஆயுள் முழுக்கக் கேள்வி. ஏற்பியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியை ஒரு கம்பெனியிலிருந்து வாங்குவோம். முயலின் ரத்தத்தில் உண்டாக்கியது. சுண்டுவிரல் நுனி அளவு குப்பி, உள்ளே ஓர் எறும்பு நீந்துகிற அளவு நீர். அதை மூளைச் சீவலின் மேல் விட்டு, இன்னும் இரண்டு மூன்று கரைசல்களில் முக்கினால், ஆன்டிபாடி ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும். எங்கே பழுப்போ அங்கே ஏற்பி. குப்பி யோக்கியமாக இருந்தால் இவ்வளவுதான் சங்கதி.

கடைசிக் கரைசலில்தான் வித்தை. அதில் போட்டதும், டீத்தூள் வெந்நீரில் இறங்குவது போல் நிறம் மெதுவாகத் தொடங்கும். அசந்தால் கறுத்துப்போகும். சரியான நேரத்தில் எடுத்து உப்புநீரில் போட்டால் நின்றுவிடும். அக்கா ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து பார்த்து, வாய்க்குள் "போதும்" என்று சொல்லி எடுப்பார். செய்முறை நோட்டில் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கும்: 'மூன்று முதல் ஆறு நிமிடம். பார்த்து நிறுத்தவும்.' புதிதாக வருகிற எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு குப்பி தீர்ந்து புதுக் குப்பி வந்தது. அதே பெயர், அதே மூடி, அடியில் எண் மட்டும் வேறு. வேறு முயல் என்று அர்த்தம். புதுக் குப்பியில் படம் நாசமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் பழுப்பு, சேற்றுத் தண்ணீர் தெளித்தது போல. வேறு ஆளாக இருந்தால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். அக்காவுக்கு அது மானப் பிரச்சினை. ஆயிரத்துக்கு ஒரு பங்கு கரைத்தார், மூவாயிரத்துக்கு ஒரு பங்கு கரைத்தார், சூடாக்கினார், குளிரவைத்தார், கழுவுகிற தண்ணீரில் உப்பை ஏற்றினார். நான்கு மாதம். ஒரு மத்தியானம் பாடப்புத்தகத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே படம் வந்தது. பேராசிரியர் என் அறைக்கு ஓடி வந்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தபடியே, "அக்கா கை பட்டா குப்பிக்குக்கூட புத்தி வருதுய்யா!" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் செய்முறையில்தான் பெரிய கட்டுரை வந்தது. இளம் எலிகள் ஆறு, கிழட்டு எலிகள் ஆறு. இளசுகளின் மூளையில் பழுப்பு பளிச்சென்று இருந்தது, கிழடுகளில் வெளுத்துப்போயிருந்தது. வயதானால் ஏற்பி பாதிக்கு மேல் குறைகிறது என்று எழுதினார்கள். படங்கள் நான் எடுத்தவை. ஐந்து பெயர்களில் மூன்றாவது பெயர் அக்காவுடையது. அந்த வேலையில் இருக்கிறவர்களுக்குப் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. பேராசிரியர் போட்டார், அது அவர் பெருந்தன்மை. அக்காவின் புருஷன் லிஃப்ட்காரர் தன் கம்பெனியில் ஒருவர் விடாமல் காட்டினாராம். மகள் மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா பேர் ஒண்ணுதான் எனக்குப் புரியுது. மத்ததெல்லாம் எலி படிச்சாத்தான் புரியும்," என்றாள்.

அந்தக் கட்டுரையை நம்பி ஓர் ஆய்வு மாணவி சேர்ந்தாள். வந்த அன்றே நாங்கள் 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தோம். பட்டம் வாங்குவதற்கு நான்கு வருடம் முன்பே. அக்கா மட்டும் 'கண்ணு' என்பார். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில். அக்கா டப்பாவில் எப்போதும் ஒன்றரை ஆள் சாப்பாடு இருக்கும், அந்த அரை ஆள் அவள்தான். மூளையின் எந்தெந்தப் பகுதியில் ஏற்பி எவ்வளவு குறைகிறது என்று அவள் நான்கு வருடம் அளந்தாள். எல்லாம் அக்கா சாயமேற்றிய கண்ணாடிகள். ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு வாரம் இருந்தது. கொடுத்ததும் சேர்ந்துகொள்ள வேறோர் ஊரில் வேலையும் தயாராக இருந்தது.

அப்போதுதான் ஆய்வேட்டின் வரைவைப் பார்த்த தேர்வாளர்களில் ஒருவர் ஒரு வரி கேட்டு எழுதினார். இந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த எலியின் மூளையில் உங்கள் ஆன்டிபாடி என்ன காட்டுகிறது? ஏற்பியே இல்லாவிட்டால் பழுப்பும் இருக்கக் கூடாது. கட்டுரை எழுதும் முன் நாங்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்பது எங்களுக்காகவே சொன்னது. இருந்தாலும் அன்று யாரும் பயப்படவில்லை. மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளின் மூளைகள் வேறோர் ஆய்வகத்திலிருந்து ஒரு டப்பாவில் வந்தன. ஏற்பி உள்ளவை ஆறு, இல்லாதவை ஆறு. ஒவ்வொன்றின் மேலும் 'உண்டு', 'இல்லை' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

சம்பிரதாயத்துக்குச் செய்கிற சோதனைதானே என்று அக்கா பன்னிரண்டு கண்ணாடியையும் ஒரே சட்டத்தில் அடுக்கி, ஒன்றாக முக்கி, ஒன்றாக எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கவில்லை. டாக்டரம்மா அதை என் அறைக்குக் கொண்டு வந்தாள். முதல் கண்ணாடி 'உண்டு'. அழகான பழுப்பு. அடுத்தது 'இல்லை'. அதே அழகான பழுப்பு. அவள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்களோ?" என்று என்னைக் கேட்டாள். அவள் குரலே சரியாக இல்லை.

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "வழியில திசு கெட்டிருக்கும். அவங்க ஊறவெச்ச முறையும் வேற. அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்களேன்," என்றார். வெளியே இருந்து கேட்பவர்களுக்கு அது மோசடி மாதிரி இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. அட்ஜஸ்ட் பண்ணுவதுதான் அக்காவின் உத்தியோகம். கரைசலைக் கூட்டுவது, குறைப்பது, சூடு, உப்பு. நான்கு மாதம் அவர் செய்ததும் அதுதான், நாங்கள் கைதட்டியதும் அதற்குத்தான்.

டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறே வாரம்தான் இருக்கு அக்கா. எப்படியாவது."

"அழாத கண்ணு. நான் பாத்துக்கறேன்."

மூன்று நாளில் பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்த கண்ணாடிகளில் 'உண்டு' ஆறும் பழுப்பு. 'இல்லை' ஆறும் துவைத்துக் காயப்போட்ட துணி போல் வெளுப்பு. நான் படம் எடுத்தேன். பேராசிரியர் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டாக்டரம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து அவர் தோளிலேயே அழுதாள். "நீங்க இல்லேன்னா நான் செத்தேன் அக்கா," என்றாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் பார்த்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் அக்கா மனதுக்குள் அந்த மூன்று நாளையும் மறுபடி ஓட்டியிருக்கிறார். வெளுத்த ஆறு கண்ணாடியையும் எத்தனை நிமிடத்தில் எடுத்தோம்? மூன்று. பழுப்பானவற்றை? ஐந்து, ஐந்தரை. அப்படி எடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கை தானாக எடுத்திருக்கிறது. இரண்டுமே மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில்தான், நோட்டில் எழுதியபடிதான். இதையெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாராம்: "நீங்க ரிப்பேர் பண்ண லிஃப்ட்டை நீங்களே சோதிச்சுப் பாப்பீங்களா?"

"விட மாட்டாங்க. நான் மாட்டின கயிறு என் கண்ணுக்கு எப்பவும் நல்லாத்தான் தெரியும். வேற ஆள் வந்து பாப்பான். எந்தக் கயிறு புதுசுன்னுகூட அவன்கிட்ட சொல்ல மாட்டோம்."

"ஏன்?"

"சொன்னா பழசை மட்டும் உத்து உத்துப் பாப்பான்ல?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஆய்வகத்துக்கு வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். அந்த டப்பாவிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு சீவி, கடைசி நிறம் மட்டும் பாக்கி வைத்திருந்தார். "தம்பி, கறுப்பு டேப் இருக்கா? சீட்டெல்லாத்தையும் மூடிடு. உன் இஷ்டத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடு. எது எதுன்னு எழுதி உன் பையில வெச்சுக்க. நான் கேட்டாலும் சொல்லாத."

மூடினேன், கலைத்தேன், நம்பர் போட்டேன். அவர் முதல் கண்ணாடியைக் கரைசலில் இறக்கினார், வழக்கம்போல் குனிந்தார். நிறம் ஏறியது. இரண்டு நிமிடம், மூன்று, நான்கு. அவர் கை மேலே வந்தது, அப்படியே நின்றது, இறங்கியது, மறுபடி வந்தது. "போதும்" என்ற சொல் வரவே இல்லை.

"எனக்குத் தெரியல தம்பி," என்றார். "எப்ப எடுக்கறதுன்னு தெரியல." பதினேழு வருடத்தில் அந்தக் கை தடுமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மிச்சம் பதினொன்றையும் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக நான்கு நிமிடம் வைத்து எடுத்தோம். எல்லாம் ஒரே பழுப்பு. பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தோம். 'உண்டு' எது, 'இல்லை' எது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. குப்பிக்குள் இருந்தது ஏற்பியைத் தேடிப் போகவில்லை, கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா ஃப்ரீசரைத் திறந்து ஒரு பழைய பெட்டியை எடுத்தார். கட்டுரைக்கு வெட்டியதில் மீந்த சீவல்கள், இளசும் கிழடும். அதையும் டேப் போட்டு மூடி, கடிகாரம் வைத்துச் செய்தோம். நான் கணினியில் ஒவ்வொன்றின் கருமையையும் அளந்தேன். இளசுக்கும் கிழட்டுக்கும் வித்தியாசமே இல்லை.

"அப்ப அந்தக் கட்டுரை?" என்றேன்.

"அது நான் வரைஞ்சது தம்பி."

அவர் ஏமாற்றவில்லை என்பதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். கிழட்டு எலியில் குறைவாக இருக்கும் என்று பேராசிரியர் சொல்லிச் சொல்லி அவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியில் 'கிழடு' என்று எழுதியிருந்தது. கை கொஞ்சம் சீக்கிரம் எடுத்தது, அவ்வளவுதான். சாதாரணக் கையாக இருந்திருந்தால் படம் குழம்பியிருக்கும், யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் கை கெட்டிக்காரக் கை. கெட்ட குப்பியை வைத்துக்கொண்டு, பார்க்க ஆசைப்பட்டதை அப்படியே காட்டிவிட்டது.

நான் கோழை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. "அக்கா, ஒரு ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லலாமே. அந்தப் பொண்ணு ஏட்டைக் கொடுத்து வேலையில சேர்ந்துரட்டும்," என்றேன்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அந்தப் பெண்ணிடம் அவருக்கு அவ்வளவு பிரியம். "இப்ப சொன்னா இது தப்பு. ரெண்டு மாசம் கழிச்சுச் சொன்னா இது பொய்," என்றார். அப்புறம் பேராசிரியர் அறைக்கு நடந்தார். டாக்டரம்மாவையும் கூப்பிடச் சொன்னார்.

அந்த அறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராசிரியர் முதலில் நம்பவில்லை. மறுபடி செய்யுங்கள், நானே மூடுகிறேன், நானே கடிகாரம் பார்க்கிறேன் என்றார். அன்று மாலைக்குள் செய்து முடித்தோம். பலன் அதேதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆயுள் கேள்விக்குக் கிடைத்த ஒரே பதில் அவர் கண்ணெதிரே போய்விட்டது. ஆனாலும் "இதை வெளிய சொல்ல வேண்டாம்" என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. பிற்பாடு அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் இதை எடுத்துச் சொல்வேன்.

டாக்டரம்மா சுவரோரம் நின்றிருந்தாள். கத்தவில்லை. "நாலு வருஷம் அக்கா," என்றாள். "நான் அளந்தது முழுக்க உங்க கையைத்தானா?"

"ஆமா கண்ணு."

"அப்படிக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து மத்தியானம் மேசைக்கு வரவில்லை. அக்கா பழக்கத்தில் ஒரு வாரம் ஒன்றரை ஆள் சாப்பாடு கொண்டுவந்தார். மீதியை என் தலையில் கட்டினார்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கடிதம் எழுதி, பெயர் போட்ட ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். பேராசிரியர் எழுதினார்: 'ஆன்டிபாடி குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் காட்டவில்லை என்று பின்னர் தெரியவந்ததால்...' நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது பாதிதான் சார். குப்பி மேல மட்டும் போட்டிருக்கீங்க."

"குப்பிதானே அக்கா தப்பு?"

"குப்பி எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் பழுப்பு காட்டுச்சு. கிழட்டு எலியில குறைச்சுக் காட்டினது யாரு? நான்தானே நிறுத்தினேன்?"

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அதையும் எழுதினா எல்லாரும் உங்களையே கை காட்டுவாங்க. உங்களைக் காப்பாத்தத்தான் இப்படி எழுதினேன்."

"காட்டட்டும் சார். குப்பி மேல பழியைப் போட்டா எல்லாரும் வேற குப்பி வாங்குவாங்க. அதையும் என்னை மாதிரி ஒருத்தி பாத்துப் பாத்துத்தான் நிறுத்துவா. இன்னொரு பொண்ணு நாலு வருஷம் உக்காந்து அதை அளப்பா." அவருக்குக் கோபம் வந்திருந்தது. யார் மேல் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் மேல்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அவரே ஒரு வரி எழுதினார். மூன்று தாள் கிழித்து நான்காவது தாளில் வந்தது. 'நிறம் போதும் என்று கண்ணால் பார்த்து நிறுத்தியவருக்கு, எது இளம் எலி எது கிழட்டு எலி என்று தெரிந்திருந்தது. அந்த ஆள் மூன்றாவது ஆசிரியர்.' கட்டுரையை வெளியிட்டிருந்த பத்திரிகைக்காரர்கள் கடைசி நாலு சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று பதில் போனது. அச்சில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அவர் எதிர்பார்த்ததுதான். அக்காவிடம் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு ஆய்வுக்குழுக்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. கீழ் மாடியில் ஒருத்தன் "இங்க வயசானவங்களுக்கு ஸ்பெஷல் கலர்" என்று ஜோக் அடித்தான். அவன் பிரதி எடுத்துப்போன செய்முறையிலும் 'பார்த்து நிறுத்தவும்' என்றுதான் இருந்தது, அதை நான் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன், கொஞ்சம் உரக்கவே. லிஃப்ட்காரர் தன் கம்பெனியில் இதையும் எல்லோருக்கும் காட்டினார். மகள் படித்துவிட்டு, "இந்தத் தடவை புரியுதும்மா," என்று மட்டும் சொன்னாளாம். அக்கா நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு 'சீட்டை வேறு ஆள் மூடவும். நான்கு நிமிடம், கடிகாரம்' என்று எழுதினார். பல நாட்கள் அவர் மேசையில் வேலையே இருக்காது. தூரிகைகளைக் கழுவி, காயவைத்து, மறுபடி கழுவுவார்.

டாக்டரம்மாவுக்கு அந்த வேலை கைநழுவிப் போனது. வேறு முறையில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆன்டிபாடியே வேண்டாம், ஏற்பியைச் செய்யச் சொல்லிச் செல்லுக்குள் போகிற உத்தரவைத் தேடுகிற முறை. சீவுவது, கழுவுவது, எல்லாம் தானே கற்றுக்கொண்டாள். முதல் மாதங்களில் அவள் சீவல்கள் கந்தலாக வந்ததை என் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தேன். பிறகு தேறிவிட்டாள். அக்கா அறையைத் தாண்டித்தான் அவள் அறைக்குப் போக வேண்டும். பதினோரு மாதம் ஒரு நாளும் உள்ளே பார்க்காமல் தாண்டினாள்.

போன மாதம் ஒரு முற்பகல். நான் அக்கா அறையில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு. எல்லா வேலையும் அவளே முடித்திருந்தாள். கடைசி நிறம் மட்டும் பாக்கி, அந்தப் புது முறையிலும் கடைசியில் பழுப்புதான். தட்டை அக்கா முன்னால் வைத்தாள். பன்னிரண்டு கண்ணாடியிலும் சீட்டின் மேல் கறுப்பு டேப்.

"பத்து நிமிஷம்," என்றாள். "எது எதுன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாத," என்றார் அக்கா.

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். அக்கா கையுறை மாட்டி, சட்டத்தில் பன்னிரண்டையும் அடுக்கி, கரைசலில் இறக்கினார். பிறகு முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். வேலையை நடுவில் விடக் கூடாது என்பதால் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டேன்.